மூத்தார் எழுத்துக்கூட்டிய வருஷம்

மூத்தார் தமிழ் படிக்க உட்காரும்போது முதலில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும். அப்புறம் தொண்டையைச் செருமுவார். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துச் செம்பைத் தரையில் வைப்பார். அதற்குப் பிறகுதான் எழுத்து வாயிலிருந்து வரும். "ம... ர... ம். மரம்." நான் சமையலறையில் சப்பாத்தி இட்டுக்கொண்டே, "சரி, அடுத்தது" என்பேன். "ப... ட... ம். படம்." "சரி, அடுத்தது." எங்கள் இருவருக்கும் நடுவே பச்சைப் பூப்போட்ட திரைச்சீலை ஒன்று தொங்கும். ஐம்பதைத் தாண்டிய மனிதர், வெடிமருந்துத் தொழிற்சாலையில் ஒரு பிரிவையே கட்டி மேய்க்கும் சூப்பர்வைசர், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போல எழுத்துக்கூட்டிய அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஆளை நினைத்தால் முகத்துக்கு முன்னால் குரல்தான் வந்து நிற்கிறது.

மூத்தார் என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணன். பூனாவில், கட்கி பஜாருக்குப் பின்னால் பழைய ஓட்டு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு குடும்பமும் ஒரே அடுப்பில்தான் இருந்தோம். தம்பி பெண்டாட்டி மூத்தார் எதிரே உட்காரக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அவர் கூடத்துக்குள் வந்தால் நான் சமையலறைக்குள் போய்விட வேண்டும். கோபதாபம் ஒன்றும் கிடையாது, மரியாதை. ஏதாவது சொல்லியே தீரவேண்டும் என்றால் அவருடைய மகள் பாப்பா வழியாகச் சொல்லலாம். "பாப்பா, பெரியவரு காபி குடிக்கிறாரான்னு கேளு." "வேணான்னு சொல்லு பாப்பா." பாப்பா பள்ளிக்கூடம் போயிருக்கிற நேரத்திலும் நாங்கள் பாப்பாவிடம்தான் பேசிக்கொள்வோம். நான் அடுப்பைப் பார்த்துச் சொல்வேன், அவர் வாசலைப் பார்த்துப் பதில் சொல்வார். இதைச் சொன்னால் இந்தக் காலத்துப் பெண்களுக்குச் சிரிப்பும் வரும், கோபமும் வரும். எனக்கும் இரண்டும் வந்ததுண்டு.

நான் குடியாத்தத்துப் பெண். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்தேன். பிளஸ் டூ முடித்தவள், வாரப் பத்திரிகை வந்தால் அட்டை முதல் அட்டை வரை படித்துவிட்டுத்தான் கீழே வைப்பேன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. ரயிலை விட்டு இறங்கிய அன்றே அந்தக் கனம் இறங்கிவிட்டது. கண்ணில் பட்ட பலகை ஒன்றுகூடப் புரியவில்லை. எல்லா எழுத்தும் ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு கொக்கியில் மாட்டிய சாவிகள் மாதிரி வரிசையாகத் தொங்கின. எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று சொல்ல ஆளில்லை. பஸ்ஸின் நெற்றியில் எண்கூட மராட்டியில்தான் இருக்கும். ஒருநாள் நம்முடைய எட்டைப் போல இருந்த ஒன்றைப் பார்த்து ஏறிவிட்டேன். அது மராட்டியில் நாலாம். கட்கியில் இறங்க வேண்டியவள் எங்கோ போய் இறங்கி, மொழியும் தெரியாமல், கையில் கொத்தமல்லிக் கட்டோடு அழுதுகொண்டு நின்றேன். ஆட்டோக்காரர் ஒருவர் 'கட்கி' என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு வீடு கொண்டுவந்து சேர்த்தார். என் வீட்டுக்காரர், "இங்கிலீஷு தெரியும்ல, யாரையாச்சும் கேக்குறதுதானே" என்றார். அவருக்கென்ன, பிறந்தது வளர்ந்தது எல்லாம் கட்கி.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூத்தாருக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. எல்லோரும் சேர்ந்து பஜாருக்குப் போகும்போது அவர்தான் முன்னால் நடப்பார், அப்புறம் என் வீட்டுக்காரர், கடைசியில் அக்காவும் நானும். அக்கா என்றால் மூத்தாருடைய மனைவி. அன்றைக்கு முன்னால் போனவர் ஒவ்வொரு கடைக்கு எதிரிலும் ஒரு கணம் நின்று, பலகையை உரக்க வாசித்துவிட்டு நடந்தார். மாவு மில், தையல் கடை, சைக்கிள் கடை, பால் பூத், ஒன்று விடவில்லை. இவருக்கு என்ன ஆயிற்று என்று அக்காவைப் பார்த்தேன். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "உனக்குத்தாண்டி" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வாசித்த ஓசையை மனசில் வைத்துக்கொண்டு, நான் அந்தப் பலகையைத் தாண்டும்போது எழுத்தோடு பொருத்திப் பார்த்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பஸ் வந்தால் எண்ணையும் ஊரையும் பொதுவாகக் காற்றிடம் அறிவிப்பார். கடைக்காரர்கள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். அவர் ஒருநாளும் பின்னால் திரும்பி, புரிந்ததா என்று கேட்டதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் நான் தனியாகப் பஸ்ஸில் போய் வர ஆரம்பித்தேன். பாப்பாவின் மராட்டிப் பாடப்புத்தகம்கூட ஓரளவு பிடிபட்டது. இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை, பாப்பா வழியாகக்கூட.

ஆனால் அந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர்களுடைய தாத்தா காலத்தில் வட ஆற்காட்டிலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்த குடும்பம். பிள்ளைகள் நாளைக்கு அங்கேயே வேலைக்குச் சேர வேண்டும் என்று மராட்டிப் பள்ளியில் போட்டார்கள். பேச்சு தமிழ்தான், அதுவும் எங்கள் பக்கத்துத் தமிழ். "துக்கான்ல போயி ஒரு ஸாபுன் வாங்கினு வா" என்பார்கள். அந்த வாக்கியத்தில் தமிழ் எவ்வளவு என்று தேடுவதற்குள் கடையிலிருந்து சோப்பு வந்துவிடும். கட்கித் தமிழர்கள் கட்டிய கோயிலிலிருந்து வரும் தினசரித் தமிழ்க் காலண்டர் கூடத்தில் மாட்டியிருக்கும். அதில் எண்ணை மட்டும் பார்ப்பார்கள். ராகு காலம் எப்போது, அமாவாசை என்றைக்கு என்றால், "சித்தியக் கேளு" என்று பாப்பாவுக்கு உத்தரவு வரும். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிற மராட்டிக்காரர்கள், உங்கள் எழுத்து ஜிலேபி பிழிந்த மாதிரி இருக்கிறதே, எப்படித்தான் படிக்கிறீர்கள் என்று மூத்தாரைக் கேலி செய்வார்களாம். அவரும் சிரித்துவிட்டு வந்துவிடுவாராம். ஜிலேபியை அவரும் பார்க்கத்தான் செய்திருக்கிறார், தின்றதில்லை என்று அவர்களுக்குத் தெரியாது.

பாப்பா வளர்ந்து, இன்ஜினியரிங் முடித்து, பக்கத்தில் சிஞ்ச்வட்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குப் போனாள். அது இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆன காலம். அங்கே கூட வேலை பார்த்த திருநெல்வேலிப் பையனை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. பையன் தங்கமான பையன். அவன் வீட்டாருக்குத்தான் பூனாவில் பிறந்த பெண் என்றதும் கொஞ்சம் தயக்கம். முதல் தடவை பெண் பார்க்க வந்தபோது பையனின் அம்மா அக்காவிடம், "வீட்ல தமிழ்தான் பேசுவியளா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆனால் அது மூத்தார் காதில் விழுந்துவிட்டது. அவர்கள் போன பிறகு, உட்காராமல் வெகுநேரம் கூடத்தில் நின்றுகொண்டே இருந்தார். "நாம இன்னா பாஷ பேசுறோம்னு நெனச்சிக்கினு இருக்காங்க?" என்று அக்காவிடம் கேட்டார்.

நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்த பிறகு ஒரு மாலை பையனின் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். நிச்சயத்தில் லக்னப் பத்திரிகை வாசிப்பார்கள் அல்லவா, இன்னாருடைய பேரனுக்கு இன்னாருடைய பேத்தியை இன்ன நாளில் கொடுப்பதாகச் சபையில் உரக்கச் சொல்லிவிட்டுத் தட்டு மாற்றுவது. எங்கள் கட்கியில் அதைக் கோயில் குருக்களே வாசித்துவிடுவார். அவர்கள் வழக்கம் வேறாம். "பொண்ணப் பெத்தவரு வாயாலதான் அத வாசிக்கணும், சம்பந்தி. பத்திரிகைய நாங்க எழுதிக் கொண்டாந்திருதோம், நீங்க நின்னு வாசிச்சாப் போதும்." மூத்தார் இந்தப் பக்கம், "அதுக்கின்னா சம்பந்தி, வாசிச்சிட்டாப் போச்சு" என்று ஜம்பமாகச் சொல்லிவிட்டார். போனை வைத்தார். வைத்த கை அப்படியே போன்மேல் இருந்தது. "வாசிக்கத் தெரியாதுன்னு சொல்றதுதானே, அவங்க இன்னா கடிச்சா துன்னுடுவாங்க?" என்றாள் அக்கா. "சொல்லிட்டு? பொண்ணு நாளைக்கு அந்த வூட்டுக்குப் போயி, அப்பனுக்கே தமிழ் தெரியாதான்னு ஒரு வார்த்த கேட்டுக்கினு நிக்கணுமா?" என்றார். பிறகு திரைச்சீலைப் பக்கம் திரும்பாமலே, "பாப்பா, சித்தியாண்ட சொல்லு. எனக்கு எழுத்து கத்துக் குடுக்கணும்" என்றார். பாப்பா அப்போது ஆபீசிலிருந்தே வரவில்லை. நான் உள்ளேயிருந்து, "சரின்னு சொல்லு பாப்பா" என்றேன்.

இப்படித்தான் ஆரம்பித்தது பள்ளிக்கூடம். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதித் திரைக்கு அடியில் தள்ளுவேன். அவர் தொழிற்சாலையிலிருந்து வந்து, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு உட்காருவார். உயிரெழுத்து பன்னிரண்டும் சுலபமாக வந்துவிட்டன. வில்லங்கம் 'க'வில் தொடங்கியது. மராட்டியில் அதற்கு நான்கு எழுத்து உண்டு. அந்த நான்கையும் அவர் வேறு வேறாக, வயிற்றிலிருந்து காற்றை வரவழைத்துச் சொல்லிக் காட்டினார். அதை இங்கே எழுதிக் காட்டலாமென்றால் என் எழுத்தில் இடமில்லை. "நாலுக்கும் இது ஒண்ணுதானான்னு கேளு பாப்பா." ஆமாம் என்றேன். "நாலு பேரு இருக்கிற வூட்ல ஒரே ஒரு சட்டையா? யாரு வெளியே போறாங்களோ அவங்க மாட்டிக்கினு போவணுமா?" எனக்குச் சிரிப்பில் சப்பாத்தி கோணிக்கொண்டது. 'கொ'வுக்கு முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி என்றதும், "கைதியக் கூட்டினு போற போலீஸா?" என்றார். எழுதச் சொன்னால் ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே மறக்காமல் ஒரு கோடு இழுத்துவிடுவார். எழுத்துக்கு எதற்குக் கூரை என்று கேட்டேன். "கூர இல்லாத வூட்ல எப்டி இருக்கிறது?" என்று பதில் வந்தது. அக்கா இரண்டு பேருக்கும் நடுவில் கீரை ஆய்ந்துகொண்டு, தாளைக் கொடுப்பதும் வாங்குவதுமாக இருப்பாள். அவளும் அந்த வருஷம் பாதி எழுத்து கற்றுக்கொண்டுவிட்டாள், யாரும் சொல்லிக் கொடுக்காமலே.

எழுத்து தெரிந்ததும் லக்னப் பத்திரிகை ஒன்றை மாதிரிக்கு எழுதிக் கொடுத்தேன். என் தங்கை நிச்சயத்தில் கேட்ட வாசகம் ஞாபகம் இருந்தது. பேர்களை மட்டும் மாற்றி எழுதினேன். முதல் வாரம் தட்டுத் தடுமாறி வாசித்தார். இரண்டாவது வாரம் நன்றாக வந்தது. அப்புறம் பாருங்கள், தண்ணீர் பட்ட பாடுதான். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, உயர்த்த வேண்டிய இடத்தில் உயர்த்தி, ஏதோ பரம்பரையாகப் பத்திரிகை வாசிப்பவர் மாதிரி வாசித்தார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என் வீட்டுக்காரரிடம், "உங்க அண்ணன் உங்களவிட கெட்டிக்காரர்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர், "நான் எப்ப கெட்டிக்காரன்னு சொன்னேன்" என்று பேப்பருக்குள் போய்விடுவார்.

அந்தக் காலத்தில் பூனா பக்கமெல்லாம் மின்வெட்டு அதிகம். நிச்சயத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும், விளக்கேற்றுகிற நேரம். மூத்தார் கூடத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருக்கிறார், நான் உள்ளே மாவு பிசைந்துகொண்டிருக்கிறேன். சட்டென்று கரண்ட் போயிற்று. வீடு முழுக்க இருட்டு. என் கை மாவில் நின்றுவிட்டது. கூடத்தில் குரல் நிற்கவில்லை. இன்னாருடைய பௌத்திரியும், இன்னாருடைய புத்திரியும் என்று ஏற்ற இறக்கத்தோடு கம்பீரமாகப் போய்க்கொண்டே இருந்தது. அக்காதான் இருட்டிலிருந்து சொன்னாள், "ஏங்க, கரண்ட் போயி நேரமாச்சுங்க." குரல் அப்படியே நின்றது. அக்காவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. எனக்கு வந்தது சிரிப்பில்லை, அழுகை. மனுஷர் படிக்கவே இல்லை. நான் திருத்தியதையெல்லாம் காதில் வாங்கி, மனப்பாடமாக ஒப்பித்திருக்கிறார். கண் தாளில் இருக்கிறதா சுவரில் இருக்கிறதா என்று திரைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? உலகத்தில் வேறெந்த வாத்தியாருக்கும் வராத கஷ்டம், மாணவன் முகத்தையே பார்க்கக் கூடாத வாத்தியாருக்குத்தான் வரும்.

இதிலே அவர் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. அவருக்கே தெரியவில்லை. "கேட்டுக் கேட்டு வாயில தானா வந்துட்டுதும்மா. நான் படிக்கிறேன்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன்" என்று பின்னொரு நாள் சொன்னார், பாவமாக. ஆனால் அவர்கள் கொண்டுவரப்போவது அவர்கள் எழுதிய பத்திரிகை. அதில் வாசகம் வேறாக இருக்கும், வரிசை வேறாக இருக்கும், நாங்கள் கேள்விப்படாத தாத்தன் பூட்டன் பேர்களெல்லாம் இருக்கும். இவர் வாயில் ஒன்று வரும், தாளில் ஒன்று இருக்கும். சபையில் அத்தனை பேர் எதிரில் அதைவிடத் தலைகுனிவு வேறு கிடையாது. எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. மெழுகுவத்தியை ஏற்றிக்கொண்டு, திரையை ஒதுக்கிவிட்டு, நேராகக் கூடத்துக்குப் போய் அவர் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் பதறி எழுந்து நின்றார். நாற்காலி பின்னால் சாய்ந்தது. அந்த வீட்டுக்கு நான் வந்த நாள் முதல் நடக்காத காரியம். அக்காதான், "வாத்தியாரு வந்தா எழுந்திருக்கிறது சரிதான். அப்புறம் உக்காந்து படிக்கணும்ல?" என்றாள். அவர் நாற்காலியை நிமிர்த்தவில்லை. அவரும் தரையிலேயே உட்கார்ந்தார்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில்தான் மூத்தார் முகத்தை நான் முதன்முதலாக நன்றாகப் பார்த்தேன். மோவாயில் ஒரு பள்ளம் இருந்தது, பாப்பாவுக்கு இருப்பது போலவே. புருவத்தில் நரை. ஒரே வீட்டில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு ஒரு மனிதரை அப்போதுதான் பார்க்கிறேன் என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. பத்திரிகையை மடித்துத் தூரப் போட்டேன். கைக்கு அகப்பட்டதையெல்லாம் கொண்டுவந்தேன், அப்பளக் கட்டு, ஊதுபத்தி அட்டை, அரிசிப் பை, யாருடைய கல்யாணத்துக்கோ வந்த அழைப்பிதழ். வரிகளைக் கீழிருந்து மேலே வாசிக்கச் சொன்னேன். நடுவில் ஒரு சொல்லை விரலால் மூடி அடுத்ததைக் கேட்டேன். அவர் கண் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மனப்பாடம் செய்ய இடமே கொடுக்கவில்லை. மறுபடியும் மரம், படம் என்று ஆரம்பித்த மாதிரிதான் இருந்தது. ஒரு அப்பளக் கட்டை முடிக்க அரைமணி ஆகும். வியர்த்துப்போவார். "பாரூதுகூட இவ்ளோ பயமில்லம்மா" என்பார். பாரூது என்றால் வெடிமருந்து. பேச்சு நேராக என்னிடம் வர ஆரம்பித்திருந்தது. அவரும் கவனிக்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நிச்சயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனவர் வெகுநேரம் வரவே இல்லை. திரும்பி வந்தபோது சட்டைப் பொத்தான் கழன்றது தெரியாமல் வந்தார். கோயில் வாசலில் சுவரோடு பதித்த ஒரு பழைய கல் உண்டு, கோயில் கட்டப் பணம் கொடுத்தவர்களின் பேர் இருக்கும். அதில் அவருடைய அப்பா பேரும் இருப்பதாகச் சின்ன வயசில் சொல்லியிருக்கிறார்களாம். எந்த வரி என்று தெரியாது. அன்றைக்கு வாசலில் நின்று மேலிருந்து ஒவ்வொரு பேராக எழுத்துக்கூட்டி வந்திருக்கிறார். "நாலாவது வரியிலியே இருக்குதும்மா எங்கப்பன் பேரு. இவ்ளோ வருஷமா அதுக்குப் பக்கத்துலதான் செருப்பு வுட்டுனு இருந்திருக்கிறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் நிறைந்திருந்தது. எனக்கு அப்போதுதான் நம்பிக்கை வந்தது, இந்த மனிதர் வாசித்துவிடுவார் என்று. அந்தக் கல்லை நான் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

இப்போது என் பிள்ளைகள் இருவரும் எனக்குப் போனில் செய்தி அனுப்புவது தமிழை ஆங்கில எழுத்தில் அடித்துத்தான். "எழுத்து எதுக்கும்மா, புரிஞ்சா சரி" என்கிறார்கள். புரிகிறது, சரிதான். அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்த மூத்தார் ஞாபகம் வருகிறது. அவரிடம் யாரும், புரிந்தால் சரி என்று சொல்லியிருக்க முடியாது. அவருக்கு அது மகள் போகிற வீட்டு வாசற்படி.

நிச்சயதார்த்தம் கோயில் மண்டபத்தில் நடந்தது. திருநெல்வேலியிலிருந்து ஒரு பெருங்கூட்டமே வந்திருந்தது. பத்திரிகை எழுதியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலைத் தட்டில் வைத்து மூத்தாரிடம் கொடுத்தார்கள். நான் பெண்கள் பக்கம் அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். அக்கா என் கையைப் பிடித்திருந்தாள், கை நோகிற அளவுக்கு. மூத்தார் தொண்டையைச் செருமினார். வாசிக்க ஆரம்பித்தார். வேகமில்லை. ஏற்ற இறக்கமும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, கல் மேல் கால் வைத்து ஆற்றைக் கடக்கிறவர் போல வந்தது. வருஷம் வந்தது, மாதம் வந்தது, நட்சத்திரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டு வரிக்கு வந்தார். நின்றுவிட்டார்.

தாளை முகத்துக்கு அருகில் கொண்டுபோனார். விலக்கிப் பிடித்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்து, "கொடுங்க, நான் வாசிக்கேன்" என்று கையை நீட்டினார். மூத்தார் கொடுக்கவில்லை. தாளை மார்போடு வைத்துக்கொண்டு, தலையைத் தூக்கிப் பெண்கள் பக்கம் பார்த்தார். அக்காவைப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். "ஏம்மா, இங்க வா. இது இன்னா எழுத்துன்னு பாரு" என்றார், என் முகத்தைப் பார்த்து, அத்தனை பேர் நடுவில். கட்கிக்காரர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டு வழக்கம் தெரியும். ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அக்கா என் இடுப்பில் ஒரு இடி இடித்தாள். போய் அவர் பக்கத்தில் நின்று தாளைப் பார்த்தேன். பார்த்தால் எனக்கும் தெரியவில்லை! கோழி கிளறிய மாதிரி ஒரு கிறுக்கல். "எனக்கும் புரியல மாமா" என்றேன். சம்பந்தியும் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை. "அண்ணே, இது என்னண்ணே எழுதிருக்கீய?" என்று கூப்பிட்டார். பெரியப்பா மெதுவாக வந்து, கண்ணாடியைப் போட்டு, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏலே, இது நான் எழுதினதுதானா?" என்றார். மண்டபமே சிரித்தது. கடைசியில் பார்த்தால் அது மாப்பிள்ளையின் தாத்தா பெயர், அண்ணன் தம்பி இருவருடைய சொந்த அப்பா பெயர். வீட்டில் தமிழ்தான் பேசுவீர்களா என்று கேட்ட மாப்பிள்ளையின் அம்மாதான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நீங்க பைய வாசிங்க அண்ணாச்சி, எங்களுக்கு ஒரு அவசரமும் இல்ல" என்றார்.

நான் என் இடத்துக்குத் திரும்பப் போனேன். "நில்லும்மா, இன்னும் இருக்குது" என்றார் மூத்தார். அவர் பக்கத்திலேயே நின்றேன். அதற்குப் பிறகு என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே வரவில்லை. தன் அப்பா பெயரை வாசித்தார், தன் பெயரை வாசித்தார். அடுத்தது பாப்பாவின் பெயர். அது தெளிவாகவே எழுதியிருந்தது. தெளிவில்லாவிட்டால்தான் என்ன, அந்தப் பெயரை வைத்தவரே அவர்தானே. தாளைப் பார்க்காமல் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கலாம், அவ்வளவு நேரம் நின்றதற்கு யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போகவில்லை. விரலை முதல் எழுத்துக்குக் கீழே வைத்தார். அதைச் சொன்னார். விரலை நகர்த்தி அடுத்ததைச் சொன்னார். மணையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிறந்த நாளிலிருந்து பாப்பா என்று மட்டுமே கூப்பிட்டு வந்த மகளின் பெயரை அவர் ஒவ்வொரு எழுத்தாக வாசித்து முடித்து, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து, சபைக்குக் கேட்கும்படி ஒரு தடவை சொன்னார்.